காலனி நிறுத்தம்

ஆங்கிலப் பெயர்ச்சொற்களோடு எனக்குத் தீராத பகை. நம்முடைய கூலியைக் கப்பலேற்றிக் கொண்டுபோய், அதை வாங்குகிற ஆளுக்கே 'கூலி' என்று பெயராக ஒட்டிவிட்டார்கள். கையில் விழுந்த காசுக்கு இருந்த பெயர், மனிதனின் நெற்றியில் போய் உட்கார்ந்தது. அது இங்கிருந்து போன சொல். அங்கிருந்து வந்த சொல்லும் ஒன்று உண்டு: காலனி. சேரி என்பதை அழித்துவிட்டு அதன் மேலேயே எழுதிய சொல். அழித்த இடம் இன்னும் தெரிகிறது.

உத்திரமேரூர் சாலையில் ஊருக்கு ஒரு பஸ் நிறுத்தம், எங்களுக்கு ஒன்று. எங்கள் பலகையில் அந்தச் சொல் நிற்கிறது. "காலனிலாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்தினால், யார் எழுந்திருக்கிறார்கள் என்று வண்டியே திரும்பிப் பார்க்கும். காஞ்சிபுரத்தில் கல்லூரிக்குப் போகிற என் மகள் அதற்காகவே ஊர் நிறுத்தத்தில் இறங்கி, ஏரிக்கரையோடு வெயிலில் நடந்து வருவாள்.

அந்தப் பெயரை எடுத்துவிடலாம் என்று கிராம சபையில் பேச்சு வந்தது. ஏரிக்கரைத் தெரு என்று மாற்றக் கேட்டோம். ஏரி மதகை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னார்:

"ஏரி எங்க பாசனம்பா. இன்னிக்கு அதும் பேர வெச்சிக்கினா நாளைக்குத் தண்ணியும் கேப்பீங்க. காலனின்றது இன்னா கெட்ட வார்த்தையா? இங்கிலீசு. டீசன்ட்டா கீது."

அந்தச் சொல்லின் பூர்வீகத்தை நான் முன்பே தோண்டிப் பார்த்திருந்தேன்.

"அதுக்கு வேரு லத்தீன்ல கீது. உழுறவன்னு அர்த்தம். உழுறவன் போய்க் குடியேறின எடம் காலனி."

"உழுறவன்னா நாங்கதானே, கவிஞரே!" தொடையைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப நீங்களே வெச்சிக்கோங்க. பலகையப் பேத்துக்கினு வந்து உங்க தெரு மொனையில நானே நட்டுத் தரேன்."

எங்கள் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை எழுப்பியது. "யாருகிட்ட பேசறன்னு தெரிதா?" நாற்காலிகள் சரிந்தன. தீர்மானம் இல்லாமலே சபை கலைந்தது. பலகை இருந்த இடத்திலேயே இருந்தது.

வீட்டில் மகள் சோற்றுத் தட்டை நகர்த்தினாள். "டிக்சனரில ஜெயிச்சிட்ட நைனா. நாளைக்கு நான் எங்க எறங்கறது?"

சொற்களை வைத்துப் பிழைக்கிற நான் சோற்றுத் தட்டை அவள் பக்கமே திரும்ப நகர்த்தினேன்.

மறுநாள் மாலை எங்கள் நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ் வந்தது. "காலனிலாம் எறங்கு!" படியில் என் மகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்காமல்.

"ஏரிக்கரத் தெருன்னு சொல்லுங்கண்ணா, எறங்கறேன்."

"போர்டுல இன்னா கீதோ அதான் சொல்வேன். பேஜார் பண்ணாதம்மா."

"தெரு பேரச் சொல்லுங்க."

பின்னால் நெல் லாரி ஹாரனை அமுக்கிப் பிடித்தது. "புடிச்சித் தள்ளிட்டு வண்டிய எடுய்யா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கை கம்பியை விடவில்லை. நான் ஓர் அடி எடுத்துவைத்தேன்; வராதே என்று கண்ணாலேயே நிறுத்தினாள்.

கண்டக்டர் தலைக்கு மேல் கும்பிட்டார். கும்பிடா அது, வசவு.

"எதோ ஒரு தெரு! எறங்கு தாயே!"

இறங்கினாள். பஸ் எங்கள் மேல் புகையைத் துப்பிவிட்டுப் போனது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"தெரு வரிக்கும் வந்துட்டான் நைனா. ஏரி பாக்கி கீது."