தேவிக்கு நான் சொன்ன யோசனை

"காலேஜு போனா காதலுக்குக்கூட யோசனை சொல்லத் தெரிஞ்சிடுமா?" என்று அம்மா அன்றே கேட்டாள். நான் சிரித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். பட்டினப்பாக்கத்தில் பாதிப் பேர் என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்வார்கள்.

என் தோழி தேவி, அருள் என்ற கிறிஸ்தவப் பையனைக் காதலித்தாள். "உங்க நைனாவுக்குத் தெரிஞ்சா உன் அண்ணன் கல்யாணமே நின்னுடும். அது முடியிற வரைக்கும் அருள் போனை எடுக்காதே. அவன்கிட்ட நான் சொல்லிடுறேன்" என்றேன்.

கல்யாணப் பரபரப்பில் சொல்ல மறந்துவிட்டேன். தேவிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்த அருள், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் கொச்சிக்குப் படகு வேலைக்குப் போய்விட்டான். இப்போது அவன் எங்கள் இருவர் போனையும் எடுப்பதில்லை. தேவி சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிட்டாள்.

அவள் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இம்மாம் படிச்சிகீறியே, என்னாண்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா? அவன் நல்ல பையன்மா!"

சொல்ல மறந்தது பாதித் தப்புதான். அவரைக் கேட்காமலே அவர் மறுப்பார் என்று முடிவு கட்டினேனே, அதுதான் மீதி.

இதைக் கேரளா ரயிலில் எழுதுகிறேன். எதிர் சீட்டில் தேவியும் அவள் அப்பாவும்.

"அங்க நீ வாயே தொறக்காத. நான் பேசிக்கிறேன்" என்கிறார் அவர்.