கலர் அக்காவுக்கு உடம்புக்கு என்ன

பெயிண்ட் கம்பெனியில் அவளுக்குக் கலர் அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்கள் சிலர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். உடைந்த கதவுத் துண்டையோ பழைய அலமாரித் தகட்டையோ கொண்டுவந்து, அச்சு அசலாக இதே நிறம் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். அவள் அதை நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, துளிக் கறுப்பு, துளி மஞ்சள் என்று சேர்த்து, அட்டையில் பூசி, காயவிட்டு, மறுபடியும் பார்ப்பாள். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு காட்டும். அவசரப்பட்டால் போச்சு. கண் ஏமாறக் கூடாது என்று அந்த அறையின் சுவர், மேசை, அவள் மாட்டியிருக்கும் கோட்டு எல்லாமே சாம்பல் நிறம். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. வீட்டிலும் அதே கதைதான். வாடகைக்கு ஒற்றை அறை. அம்மா அண்ணன் வீட்டோடு இருந்தாள். கல்யாணப் பேச்சை எல்லோரும் எப்போதோ கைகழுவிவிட்டார்கள்.

முன்பொரு முறை அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துச் சொன்னாள். முதல் வருஷமே ஊற்றிக்கொண்டது. அதற்கப்புறம் வாட்ச்மேன்வரைக்கும் "என்னாச்சு, பாஸா?" என்று விசாரித்தார்கள். விசாரிப்பு அடங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் மறுபடி சேர்ந்தபோது காதும் காதும் வைத்த மாதிரி சேர்ந்தாள். பரீட்சைக்கு லீவு வேண்டுமென்றால் "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்பாள். பெண்பிள்ளை அப்படிச் சொன்னால் எவனும் மேற்கொண்டு வாயைத் திறக்க மாட்டான் என்ற கணக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். ராத்தூக்கம் கெட்டு, காலையில் சிவந்த கண்ணோடு வந்து நிற்பாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாம் இருந்தால் என்ன, செத்தால் என்ன என்றுதானே இருக்கிறார்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் வலித்தது. கேட்கக் கூடாது என்று தானே ஏற்பாடு செய்துவிட்டு, கேட்கவில்லையே என்று வருத்தப்படுவது எந்த ஊர் நியாயம்? ஆனால் மனசு நியாயம் பார்த்தா வலிக்கிறது?

மூன்று வருஷத்துக்குப் பிறகு ரிசல்ட் வந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போனில் பார்த்தாள். முதல் வகுப்பு. உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். அண்ணிதான் எடுத்தாள்.

"அத்தை தூங்கறாங்க. ஏதாவது அவசரமா?"

"இல்ல அண்ணி, சும்மாதான்."

பிறகு யாரிடமும் சொல்லவில்லை. சம்பளம் கூட்டிக் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். பணம் வேண்டாமென்று இல்லை. ஆனால் அதைவிட, அவள் படித்ததை யாராவது ஒருத்தர் ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. சம்பளத்தைக் கூட்டினால் ஒப்புக்கொண்ட மாதிரிதானே.

மேனேஜர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சந்தோஷம்மா. ஆனா, படிக்கச் சேரும்போதே ஆபீஸ்ல சொல்லிட்டுச் சேர்ந்தாத்தான் படிப்புக்குன்னு கூட்டிக் குடுப்பாங்க. நீங்க மூச்சுகூட விடலையே!"

"தப்புதான் சார்."

"சரி, கூட வேலை பாக்கறவங்க யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்கல்ல? ஒருத்தர் வந்து, ஆமா, எனக்குத் தெரியும்னு சொல்லட்டும். நான் முதலாளிகிட்ட பேசறேன்."

சொல்வதற்கு ஒரு ஆள் பேர் வாயில் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மிக்ஸிங் மெஷின்காரர் சாம்பிள் டப்பாவோடு உள்ளே நுழைந்தார். அவளுடைய சாம்பல் அறைக்கு வெளியே அந்த மெஷினோடு மல்லுக்கட்டும் மனிதர். நாளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார்.

"வாங்க. இவங்க இந்த மூணு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார் மேனேஜர்.

அவர் அவளைப் பார்த்தார். மென்று விழுங்கினார்.

"தெரியும் சார்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியுமா? இவருக்கா?

"இவங்க வாயத் தொறந்து சொல்லல. ஆனா எங்க எல்லாருக்கும் தெரியும். அடிக்கடி ஆஸ்பத்திரி, மத்தியானம் கதவச் சாத்திட்டுப் படுத்துக்கறது, கண்ணெல்லாம் செவந்து கெடக்கறது... கேட்டா மனசு கஷ்டப்படும்னு நாங்க கேக்கல சார். பெரிய டப்பா எதுவும் இவங்க தூக்காம நான்தான் பாத்துக்கறேன். பாவம் சார், ஒண்டிக்கட்டை. கொஞ்சம் பாத்துச் செய்ங்க."

மேனேஜரின் முகம் மாறிவிட்டது. சான்றிதழை மெல்ல ஓரமாக நகர்த்தினார்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? படிப்பு கிடக்கட்டும். வைத்தியச் செலவுன்னு சொன்னா முதலாளி மறுக்க மாட்டாரு. நீங்க கேட்டதுக்கு மேலயே வாங்கித் தரேன்."

தலையை ஆட்டினால் போதும். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல சார். அது பூரா பரீட்சை. ஆஸ்பத்திரின்னு பொய் சொன்னேன்."

மேனேஜர் பெருமூச்சு விட்டுச் சான்றிதழை அவளிடம் நீட்டினார். பொய் சொல்லி எடுத்த லீவை இனி கிளறாமல் விடுவதே பெரிய காரியம், சம்பளத்தை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முன்னாலேயே வெளியே போன மெஷின்காரர் வராந்தாவில் நின்றிருந்தார்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"அட, ஒண்ணும் இல்லேங்கறதே பெரிய விஷயம்மா," என்றார். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கையிலிருந்த பெயிண்ட் கறையைச் சுரண்டினார். "வீட்ல ஒருத்தி இருக்கா. நான் உள்ள நுழைஞ்சதும், அந்தப் பொண்ணுக்கு இன்னிக்கு எப்படி இருக்குன்னுதான் மொதல்ல கேப்பா. தெனமும். உங்களுக்காகச் சாமிகிட்ட வேற வேண்டியிருக்கா. இன்னிக்கு நான் என்னத்தச் சொல்றது?"

மூன்று வருஷமாக, முகம் தெரியாத ஒருத்தி அவளை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் பாஸாயிட்டேன்னு சொல்லுங்கண்ணே."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு மெஷின் பக்கம் நடந்தார். எதில் பாஸ் என்று கேட்கவில்லை.