எங்கேயும் இறங்காத டிக்கெட்

1. சைபரும் ஒன்றும்

ஈப்போவில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். அவர் தமிழ் முஸ்லிம். அவருடைய அப்பா காலத்தில் அதே இடத்தில் துணிக்கடை இருந்தது. திரை முழுக்க எழுத்தும் எண்ணுமாக நின்றது. ஒரு வரியின் கடைசியில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா நம்பரு?"

"சைபர், பாய்."

"அதுக்குக் கீழ?"

"ஒண்ணு."

"சைபர்னா நான்-ஸ்டாப். ஏறுனா, போய்ச் சேர்ற எடத்துலதான் கதவு தொறக்கும். ஒண்ணுன்னா வழியில ஒரு எடத்துல நிக்கும். ஆனா பிளைட் நம்பர் மாறாது. அதுக்குப் பேரு டைரக்ட். கஸ்டமருக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு தோணும். ஒனக்கு அப்படித் தோணக் கூடாது. எடுத்துச் சொல்ல வரலன்னா ஸ்கிரீனத் திருப்பிக் காட்டு, அவங்களே பாத்துக்கட்டும்."

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அதற்குப் பிறகு வேலைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் முதல் நாளே இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். டைரக்ட்டையும் நான்-ஸ்டாப்பையும் குழப்பிய ஒரு பெண்ணைக் கஸ்டமர் முன்னாலேயே திட்டியும் இருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்தக் கதைதான் என் கதை.

இப்போது ஓய்வு பெற்று ஈப்போவிலேயே சிலிபின் பகுதியில் இருக்கிறேன். "ஆன்ட்டி, ஒங்க வேலையில மறக்க முடியாத கஸ்டமர் யாரு?" என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால், மழையில் நனைந்த பாஸ்போர்ட்டை ரைஸ் குக்கர் மேல் காயவைத்துக் கருக்கிய மனிதரின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். சவரிமுத்து அண்ணனின் கதையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் வைத்திருப்பதும் ஒரு வகைப் பொய்தான் என்று இப்போது படுகிறது.

2. பஸ் டிரைவர் கேட்ட கேள்வி

ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடையை மூட ஒரு மணி நேரம் இருந்தது. சவரிமுத்து அண்ணன் சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். ஈப்போவுக்கும் பாரிட் புந்தாருக்கும் இடையே பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி மேரி, ரப்பர் தோட்டத்தை விற்றுச் செம்பனை போடும்வரை அங்கே பால் வெட்டியவர். இவர்களுக்கு ஒரே மகள் ஸ்டெல்லா. லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"தங்கச்சி, ஆகஸ்ட்டு மாசம் லண்டனுக்கு ரெண்டு டிக்கெட்டு வேணும்," என்றார். "அப்பத்தான் அங்க வெயில் காலமாம். ஸ்டெல்லாவுக்கும் மூணு வாரம் லீவு."

"போக வர நிறைய பிளைட் இருக்கு அண்ணே. எப்படிப் போறீங்க?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒங்க மேரி அக்காவுக்கு இப்ப ஞாபகம் சரியில்ல. நேத்து நடந்தது தங்காது. ஆளுங்கள மட்டும் இன்னும் தெரியுது. இன்னும் எத்தன மாசத்துக்குத் தெரியும்னு டாக்டர் சொல்ல மாட்டேங்குறாரு. ஸ்டெல்லா வரலாம்னா அதோட பாஸ்போர்ட்டு விசாவுக்குப் போயிருக்கு, இந்த வருசம் வெளிய வர முடியாது. அதான் நானே கூட்டிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு தங்கச்சி, புது எடத்தப் பாத்தா அவ பயந்துருவா. போன மாசம் தைப்பிங் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்பவே அழுதுட்டா. எங்கயும் எறக்காம, ஒரே மூச்சுல போற பிளைட்டா பாருங்க. நான் கையப் புடிச்சுக்கிட்டே ஒக்காந்திருவேன். கதவு தொறந்தா ஸ்டெல்லா நிக்கணும்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். இதைவிடத் தெளிவாக எந்தக் கஸ்டமரும் என்னிடம் கேட்டதில்லை.

திரையில் தேடினேன். அவர் சொன்ன தேதியில் நான்-ஸ்டாப் நிரம்பியிருந்தது. பள்ளி விடுமுறைக் காலத்தில் எப்போதும் அப்படித்தான். அடுத்த வாரம் இடம் இருந்தது, விலை அதிகம். அவர் கேட்ட தேதியிலேயே வேறொரு கம்பெனி விமானம், ஒரே நம்பர், கடைசிப் பத்தியில் ஒன்று. வழியில் ஓர் அரபு நாட்டு ஊரில் ஒன்றரை மணி நேரம் நிற்கும். அந்த விலை அன்று மாலையோடு முடிகிறது.

அண்ணன் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் கேட்காமலே முடிவு கட்டினேன். தோட்டத்து மனிதர், பென்ஷன் பணம், எதற்கு வீணாகச் செலவு என்று. மூன்று வார லீவில் ஒரு வாரம் போய்விடுமே என்றும் நினைத்தேன். வழியில் நிற்கும்போது சில விமானங்களில் பயணிகளை உள்ளேயே உட்கார விடுவார்கள், சிலதில் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள். அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். உள்ளேயே உட்கார விடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"டைரக்ட் இருக்கு அண்ணே," என்றேன்.

அவர் சிரித்தார்.

"டைரக்ட்டா? எங்க பஸ்ஸுலயும் டைரக்ட்டுனுதான் போர்டு மாட்டுவோம். கோலகங்சார்ல நிப்பேன், தைப்பிங்ல நிப்பேன், கை காட்டுன எடத்துலயெல்லாம் நிப்பேன். அந்த மாதிரி டைரக்ட்டா?"

நானும் சிரித்தேன். "அது பஸ்ஸுலா அண்ணே. இது ஒரே பிளைட்டு. மாறவே வேணாம்."

"மாற வேணாம்னா சரி. அப்ப சினாங்லா, சுளுவாப் போச்சு."

அவருக்கு மனம் லேசாகிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஒரே விமானம்தான், மாறவும் வேண்டாம்தான். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. திரை என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

3. நெத்திலி சம்பல்

கிளம்புவதற்கு முதல் நாள் டிக்கெட் தாளை வாங்க இருவரும் வந்தார்கள். மேரி அக்காவை அன்றுதான் முதலில் பார்த்தேன். பூப்போட்ட கவுன், நன்றாக எண்ணெய் வைத்து வாரிய தலை. மடியில் ஒரு மஞ்சள் பையை அணைத்தபடி உட்கார்ந்தார்.

"இது கொண்டு போலாமா தங்கச்சி?" என்று ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். நெத்திலி சம்பல். மூடியைச் சுற்றி நாலைந்து தடவை டேப் ஒட்டியிருந்தது.

"பெரிய பெட்டியில போட்டுக் குடுத்திருங்க அக்கா. கையில வேணாம்."

"ஸ்டெல்லாவுக்கு இதுன்னா உசுரு. காரம் கம்மியா போட்டா மூஞ்சத் தூக்கி வச்சுக்குவா."

ஐந்து நிமிடம் கழித்து அதே பாட்டிலை எடுத்து அதே கேள்வியைக் கேட்டார். போகும்போது வாசலில் நின்று மூன்றாவது முறை. மூன்று முறையும் ஸ்டெல்லாவின் பெயர் தவறவில்லை. ஸ்டெல்லா பிறந்தது மழைக்காலம் என்பதும், தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது என்பதும் நினைவில் இருந்தன. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார், பாத்தீங்களா, இன்னும் இருக்கு என்பதுபோல.

அவர் கையில் கொடுத்த தாளில் 'ஸ்டாப்: 1' என்று அச்சடித்துத்தான் இருந்தது. இங்கிலீஷில், சின்ன எழுத்தில். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

4. காலை பத்து மணி

மறுநாள் இரவு கிளம்பினார்கள். அதற்கடுத்த காலை பத்து மணி இருக்கும், கடையில் கூட்டம். வெளிநாட்டு நம்பரிலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது. ஸ்டெல்லா. லண்டனில் அப்போது விடியவே இல்லை.

"அக்கா, அம்மாவக் காணோமாம். அப்பா யாரோட போன்லயோ கூப்புட்டாரு, அழுறாரு."

"எங்கம்மா காணோம்?"

"நடுவுல ஒரு ஏர்போர்ட்டுல. எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டாங்களாம். ஏன்க்கா எறக்குனாங்க? எங்கயும் எறக்காத பிளைட்டுன்னு அப்பா சொன்னாரே."

அந்தக் கம்பெனியின் கோலாலம்பூர் அலுவலகத்துக்கு அடித்தேன், அங்கிருந்து ஒரு நம்பர், அதிலிருந்து இன்னொரு நம்பர். முதலாளி வந்து என் பின்னால் நின்றார். என் திரையைப் பார்த்தார். கடைசிப் பத்தியைப் பார்த்தார். எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேரி அக்கா கிடைத்துவிட்டார் என்று தகவல் வர இரண்டு மணி நேரம் ஆனது. விமானம் போய்விட்டிருந்தது. அடுத்த நாள் விமானத்தில் இருவருக்கும் இடம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பகலும் ஓர் இரவும் அவர்கள் அந்த ஏர்போர்ட்டிலேயே இருந்தார்கள்.

5. பெரட்டு

செப்டம்பரில் திரும்பி வந்தவுடன் இருவரும் நேராக ஏஜென்சிக்கு வந்தார்கள். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். போடட்டும் என்று காத்திருந்தேன். அக்காவைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு, அண்ணன் என் எதிரில் உட்கார்ந்து, நடந்ததை நிதானமாகச் சொன்னார்.

"எறங்கச் சொன்னப்பவே அவளுக்கு நடுக்கம் வந்துருச்சு. கக்கூஸ் போணும்னா. பொம்பளைங்க எடம், நான் எப்படி உள்ள போறது? வாசல்ல நின்னேன். பெட்டிய நகத்தச் சொல்லி ஒருத்தன் கேட்டான், திரும்புனேன். அவ்வளவுதான் தங்கச்சி. அதுக்குள்ள அவ வெளிய வந்து போயிட்டா."

தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் கிராணியார் என்கிற கணக்கர் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். மேரி அக்கா முப்பது வருஷம் அந்த வரிசையில் நின்றவர். அந்த ஏர்போர்ட்டின் ஒரு மூலையில், வேலைக்கு வந்திறங்கிய கூலி ஆட்கள் ஒரே நிறத் தொப்பி போட்டு வரிசையாக நின்றிருக்கிறார்கள். முன்னால் ஒருவன் கையில் தாளை வைத்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வெளியே இருட்டு. அக்கா போய் அந்த வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

"கூப்புட்டுக் கூப்புட்டு எல்லாரும் போயிட்டாங்களாம். இவ மட்டும் நின்னுருக்கா. 'கிராணியாரே, எம்பேரு இன்னும் கூப்புடலியே'ன்னு கேட்டுருக்கா. அந்த ஆளுங்கள்ல ஒருத்தரு திருநெல்வேலிக்காரரு, தமிழக் கேட்டுத் திரும்பி வந்து போலீஸ்காரன்கிட்ட சொல்லிருக்காரு. நான் ஓடிப் போய்ப் பாக்குறப்ப அவ என்னத் திட்டுறா. பேரு போயிருச்சு, இன்னிக்கு வேல இல்லன்னு."

அதன்பிறகு அக்கா அந்தத் தோட்டத்து நாட்களிலிருந்து வெளியே வரவில்லை. லண்டனில் கதவு திறந்தபோது ஸ்டெல்லா நின்றுகொண்டுதான் இருந்தது. அக்கா அதைப் பார்த்து, "மிசி வந்துட்டாங்களா?" என்று கேட்டார். நர்ஸை எங்கள் ஊரில் மிசி என்போம். லீவுக்கு முந்தின கடைசி டூட்டி முடிந்து, ஆஸ்பத்திரி உடுப்போடு மகள் ஓடி வந்திருந்தது. உடுப்பை மாற்றிப் பார்த்தார்கள். பழைய போட்டோவைக் காட்டிப் பார்த்தார்கள். மூன்று வாரமும் மிசிதான்.

"சம்பல் பாட்டிலத் தொறந்து சோத்துல வச்சுச்சு ஸ்டெல்லா," என்றார் அண்ணன். "இவ கையப் புடிச்சுக்கிட்டா. 'மிசி, எல்லாத்தையும் சாப்புட்றாதீங்க. இது எம்மகளுக்குச் செஞ்சது, கொஞ்சம் அவளுக்கு வைங்க'ன்னா. அது அப்படியே மூடி ஐஸ் பெட்டியில வச்சிருச்சு. இன்னும் அங்கதான் இருக்கு. ஸ்டெல்லாவுக்கு வச்சதுன்னு ஸ்டெல்லா தொட மாட்டேங்குது."

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அடுத்த வாரம் நான்-ஸ்டாப் இருந்துச்சு. வழியில எங்கயும் நிக்காது. நான் ஒங்ககிட்ட சொல்லல."

அவர் என் மேசைமேல் இருந்த திரையைப் பார்த்தார்.

"ஒரு வாரம்தானே தங்கச்சி?" என்றார். "காத்திருந்திருப்பேன்லா."

குரலில் கோபமே இல்லை. எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, "லண்டன்ல ஒரு மிசி இருக்கு. தங்கமான புள்ள. எந்தத் தோட்டத்துப் புள்ளன்னு தெரியல," என்றார்.

பிறகு ஒருநாள் ஸ்டெல்லா பேசியது. "அது எப்படியும் வர்ற நோய்தான்க்கா, ஒங்க தப்புன்னு வச்சுக்காதீங்க," என்றது. நல்ல பிள்ளை, நர்ஸ் வேறு, தெரிந்துதான் சொல்லியிருக்கும். ஆனால் ஈப்போவில் என் வாசலில் நின்றபோது அந்த அம்மாவுக்கு மகள் பெயர் தெரிந்திருந்தது. அதை நான் பார்த்தேன், ஸ்டெல்லா பார்க்கவில்லை.

இப்போது டிக்கெட்டை நீங்களே போனில் போட்டுக்கொள்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் போடும்போது டைரக்ட் என்ற சொல்லை நம்பாதீர்கள். மாறக் கூடாதா, இறங்கவே கூடாதா என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். எது மலிவு, எது போதும் என்று அவர்களுக்காக நீங்கள் முடிவு கட்டாதீர்கள். போனை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் சைபரும் ஒன்றும் எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் முப்பது வருஷம் டைரக்ட் போர்டு மாட்டி ஓட்டியவருக்கு அந்த ஒன்றின் அர்த்தம் என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். அன்று என் மேசையில் இருந்த திரை ஒரு கையால் தள்ளினாலே திரும்பும்.