நாத்தனாருக்கு ஓர் இடம்

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒத்துப்போனதே கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் வாரம், கடைக்குக் கிளம்பிய புருஷனிடம் அண்ணி எழுதிக் கொடுத்த சீட்டை நாத்தனார் வாங்கிப் பார்த்தாள். இரண்டு இடத்தில் சிவப்புப் பேனாவால் சுழித்தாள். "வெங்காயம்னு எழுதத் தெரியல, அதை எப்படி உரிக்கப் போறீங்க?" என்றாள். அண்ணி அந்தச் சீட்டைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். அன்றைக்குப் பற்றிய நெருப்பு முப்பது வருஷம் அணையவில்லை.

நாத்தனார் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தாள். பிழை பார்ப்பதே அவள் பிழைப்பு. விட்டுப்போன ஒற்றெழுத்து எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்து இழுத்து வந்துவிடுவாள் என்பதால் அங்கே எல்லோரும் அவளை ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "பத்திரிகையைப் பிழையில்லாம அடிக்க ஆள் கிடைக்கல" என்பாள். எவ்வளவு கோபம் வந்தாலும் அண்ணியை மரியாதை குறையாமல், "நீங்க" போட்டுத்தான் திட்டுவாள். அது இன்னும் உறைக்கும்.

அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். புருஷன் இறந்தபின் அந்த வீட்டில் மிஞ்சியது இவர்கள் இரண்டு பேர்தான். "இனியும் எதுக்கு ஒரே வீட்டுல அடிச்சுக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது அண்ணி சொன்னாள்: "அவ போயிட்டா நான் யார்கூட அடிச்சுக்கிறது?"

பிறகுதான் மறதி வந்தது. திருத்திய பக்கத்தையே நாத்தனார் மறுபடி மறுபடி எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள். அச்சகம் அவளை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்தாள். "அண்ணன் வந்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தாள். முதலில் அண்ணி உண்மையைச் சொன்னாள். கேட்ட ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் சாவுச் செய்தி வந்ததுபோல நாத்தனார் கதறினாள். அதைப் பார்க்கச் சகிக்காமல், "வேலை முடிஞ்சு வருவாரு" என்று சொல்லப் பழகிக்கொண்டாள் அண்ணி. மருந்தால் குணமாகிற நோய் இல்லை இது என்று டாக்டர் சொல்லிவிட்டார்; இனி தனியாக விடக்கூடாது என்றும் சொன்னார்.

ஆனால் வேனை யார் ஓட்டுவது? அண்ணி வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தபோது நாத்தனாரின் இரண்டு உள்ளங்கையும் கதவைத் தட்டித் தட்டிக் கன்றிப்போயிருந்தன. மறுநாள் பூட்டவில்லை. அன்று மாலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது, நாற்சந்தியின் நட்டநடுவில், இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஒரு விளம்பரப் பலகையை அண்ணாந்து பார்த்தபடி நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணி வேனைக் குறுக்கே நிறுத்தி, இறங்கிப் போய்க் கையைப் பிடித்தாள். "ஏறு."

"அந்தப் போர்டுல ஒரு ப் விட்டுப்போச்சு அண்ணி."

"போகட்டும். நீ ஏறு."

முன்சீட்டில் உட்கார்ந்த நாத்தனார், பின்னால் திரும்பி, சத்தம் போடாமல் உட்காரச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டினாள். பிள்ளைகள் கப்சிப். இவளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் தேட வேண்டும், எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளக்கூடாது என்று வீடு வந்து சேர்வதற்குள் முடிவெடுத்தாள்.

வெளிநாட்டில் இருந்த கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் இரண்டே நாளில் ஓர் இல்லத்தைக் கண்டுபிடித்துவிட்டான். "பெரிய இடம் அண்ணி. போட்டோ அனுப்பியிருக்கேன் பாருங்க. நான் பேசிட்டேன், நீங்க போய்க் கையெழுத்துப் போட்டாப் போதும்."

"கையெழுத்து எங்கயும் ஓடிடாது தம்பி. முதல்ல நாங்க போய்ப் பாத்துட்டு வர்றோம்."

உண்மையிலேயே பெரிய இடம்தான். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. தரையில் முகம் தெரிந்தது. டை கட்டிய மேலாளர் ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வந்தார். நாத்தனார் அவரைக் கவனிக்கவே இல்லை. ஒரு கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கதவின் மேல் பளபளவென்று ‘ஓய்வு அரை’ என்று எழுதியிருந்தது.

"அரை ஓய்வா?" என்றாள் நாத்தனார். "மீதி அரை எங்கே?"

மேலாளருக்குப் புரியவில்லை. அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனார் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, எக்கி நின்று, எழுத்தைத் திருத்தப் போனாள். பக்கத்தில் நின்ற பணிப்பெண் அந்தப் பேனாவை லாவகமாகப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "அதெல்லாம் வேண்டாம் பாட்டி" என்றாள்.

நாத்தனாரின் முகம் சட்டென்று சுருங்கிப்போனது. மேலாளர் அவளை விட்டுவிட்டு, அவள் தலைக்கு மேலாக அண்ணியிடம் பேசினார்: "கவலைப்படாதீங்க மேடம். வர்ற புதுசுல எல்லாருமே இப்படித்தான் இருப்பாங்க. ரெண்டு வாரத்துல சாந்தமாயிடுவாங்க."

"சாந்தமாயிடுவாங்கன்னா? எப்படி?"

"எங்க டாக்டர் பாத்துப்பாரு."

அண்ணி பணிப்பெண்ணிடம் கையை நீட்டினாள். "பேனாவைக் குடும்மா." வாங்கி நாத்தனாரின் பையில் வைத்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினாள்.

ஒருநாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். நாத்தனாருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் மனசு கலங்கும். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும் என்று வீட்டுக்குள்ளேயே நடப்பாள். அந்த நேரத்தை இந்த இல்லம் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியை நாத்தனாருக்குத் துணை வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போனாள்.

ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. கூடத்தில் ஒரு ஆள் இல்லை. அத்தனை பேரும் கட்டிலில், போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டு, வரிசையாகப் படுத்திருந்தார்கள். போர்வை நல்ல வெள்ளை. ஒரு சுருக்கம் இல்லை. ஒரே ஓர் அம்மாள் மட்டும் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியைக் கண்டதும், "விடிஞ்சிருச்சாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இன்னும் பொழுதே போகல."

"அப்ப ஏன் படுக்கச் சொன்னாங்க?"

அண்ணி அந்த அம்மாளின் கையைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து வேனில் ஏறி, கதவை ஓங்கிச் சாத்தினாள்.

அதன்பிறகு நடந்தது ஒரு வேட்டைதான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம்வரை அவள் நேரம் அவளுடையது. பக்கத்து வீட்டுக்காரியிடம் நாத்தனாரை ஒப்படைத்துவிட்டு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஓர் இடத்தில் வாசலிலேயே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. இன்னோர் இடத்தில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் ஊருக்கு வெளியே, நினைத்தால் போய்ப் பார்க்க முடியாத தூரம். கொழுந்தன் போனில் சலித்துக்கொண்டான். "இன்னும் எத்தனை இடம் பாப்பீங்க? பொண்ணுக்கு மாப்பிள்ளை கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க."

"மாப்பிள்ளை சரியில்லன்னா திரும்பி வந்துடலாம் தம்பி. இவளால வந்து சொல்ல முடியுமா?"

கடைசியில் ஒரு சந்துக்குள், பழைய மாடி வீடு ஒன்றில் நடந்த இல்லத்துக்கு நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு போனாள். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் அதை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டார், இன்னொருவர் கூட்டச் சொல்லிச் சத்தம் போட்டார். கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் அன்றைய சாப்பாட்டைச் சமையல்காரம்மா எழுதிக்கொண்டிருந்தாள்: ‘கோலி சூப்.’

நாத்தனார் அண்ணியின் கையை உதறிவிட்டு நேரே அங்கே போனாள். "என்னம்மா இது, கோலி சூப்பு? கோலிக்குண்டைப் போட்டா வேக வச்சிருக்க? சாப்பிட்டா பல்லு என்னத்துக்கு ஆகும்?"

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சமையல்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு ல, ள, ழ எல்லாம் ஒண்ணுதான்க்கா. வாயில போட்டா ருசியா இருக்கா, அதைச் சொல்லுங்க. எழுத்து உங்களுக்குத்தானே வருது? இந்தாங்க, நீங்களே எழுதுங்க." பேனாவை நீட்டினாள்.

நாத்தனார் வாங்கி, லி-யை அழித்து, அழகாக ஒரு ழி போட்டாள். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். பிறகு சூப் வந்ததும் உப்பு போதவில்லை என்றாள். "உங்க பேச்சுல இருக்கிற உப்பே போதும், கலக்கிக் குடிங்க" என்றாள் சமையல்காரம்மா. ரேடியோவுக்காகச் சண்டை போட்ட பெரியவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நாத்தனார் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிண்ணத்தைக் காலி செய்தாள். வீட்டில் அவள் பாதிக்கு மேல் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

இங்கே இவள் சண்டை போடலாம் என்று அண்ணிக்குப் பட்டது. இத்தனை நாள் தான் தேடியது என்னவென்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் மனசு குளிர்ந்தவுடன் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் இல்லை அவள். குளியலறைக்குள் போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். இரவில் எத்தனை பேர் முழித்திருப்பார்கள் என்று கேட்டாள். பெரியவர்களின் நகத்தைப் பார்த்தாள். பொழுது சாயும் நேரத்திலும் ஒருநாள் வந்து பார்த்தாள். வீட்டுக்குப் போகணும் என்று அழுத ஒரு பெரியவரை ஒரு பணியாள் கையைப் பிடித்து முற்றத்தைச் சுற்றி நடத்திக்கொண்டிருந்தான். எல்லாம் திருப்தி. ஒன்றைத் தவிர: சமையலறைக்குப் பின்னால் இருந்த கேட். காய்கறி இறக்க வருகிறவர்கள் அதைத் திறந்துபோட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு வெளியே பெரிய ரோடு.

இல்லத்துப் பொறுப்பாளரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷி, ஆனால் களைத்துப்போனவர். "பாத்துப் பாத்து மூடிட்டுத்தாங்க இருக்கோம். தானா மூடிக்கிற மாதிரி மாத்தணும்னு சொல்லி வச்சிருக்கேன். ஆள் வரணும்."

"எப்ப வருவாங்க?"

"வருவாங்க."

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த அண்ணி, பின்பக்க கேட்டை ஒட்டி, ஒரு பூனை கூட நுழைய முடியாதபடி வேனை நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்துகொண்டாள். காய்கறி வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பொறுப்பாளரம்மா ஓடி வந்தார்.

"என்னம்மா இது? வண்டியை எடுங்க."

"கேட் போடற வரைக்கும் இந்த வேன்தாங்க கேட்டு. காயை முன்வாசல் வழியா தூக்கிட்டுப் போகட்டும்."

"உங்க ஆளு இன்னும் சேரவே இல்லையே!"

"சேர்ந்தப்புறம் ரோட்டுல தேடறதுக்கு, சேர்றதுக்கு முன்னால இங்க உக்காந்திருக்கறது மேல் இல்லையா?"

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். சமையல்காரம்மா ஜன்னல் வழியாக அவளுக்கு டீ கொடுத்தாள். "விடாதீங்க, நான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்" என்று காதோடு சொல்லிவிட்டும் போனாள். அந்த வாரத்திலேயே ஆள் வந்தது. புது கேட் தானாக மூடிக்கொண்டது. அண்ணி பத்துத் தடவை திறந்து விட்டுப் பார்த்தாள். பொறுப்பாளரம்மா கும்பிடு போடாத குறையாக, "இப்பவாவது சேக்கறீங்களா?" என்று கேட்டார்.

கொழுந்தனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "போட்டோ பாத்தேன். பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒருநாள் கூட ஒத்துப்போனதில்ல அண்ணி. அக்காவை அந்த மாதிரி இடத்துல கொண்டு போய் விட்டா, நாலு பேரு என்ன பேசுவாங்க?"

அண்ணி போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "பெயிண்ட் உரிஞ்சா அடிச்சுக்கலாம் தம்பி. உங்க அக்காவுக்கு வாய் போயிருச்சுன்னா திரும்ப வருமா? நீங்க அவகூடப் பொறந்தவரு. நான் முப்பது வருஷம் அவகூடச் சண்டை போட்டவ. அவ யாருன்னு எனக்குத்தான் தெரியும். நாலு பேரு பேசினா என் நம்பரைக் குடுங்க."

"சரி அண்ணி" என்றான் கொழுந்தன்.

சேர்த்துவிட்ட நாள் அப்படியொன்றும் நல்லபடியாகப் போகவில்லை. "என்னை எங்க விட்டுட்டுப் போறீங்க?" என்று நாத்தனார் சேலையைப் பிடித்துக்கொண்டாள். முதல் மாதம் முழுக்கத் தினமும் பெட்டியைக் கட்டி வாசலில் வந்து உட்கார்ந்தாள். அண்ணி ஒவ்வொரு நாளும் போனாள். ஒவ்வொரு நாளும் வேனுக்குள் உட்கார்ந்து அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் பிள்ளைகளை ஏற்றப் போனாள். தப்புச் செய்துவிட்டோமோ என்ற எண்ணம் வராமல் இல்லை. ஆனால் காலையில் நாத்தனார் பலகைக்கு முன்னால் போய் நிற்க ஆரம்பித்தாள். சமையல்காரம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பெட்டி கட்டுவது மெல்ல மெல்ல நின்றது.

மழைக்காலம் முடிந்தபோது நாத்தனாருக்கு அண்ணியின் முகம் மறந்துபோயிருந்தது. அன்றைக்கு அண்ணி பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்ததும், "புதுசா சேந்திருக்கீங்களா?" என்று விசாரித்தாள்.

அண்ணி தலையாட்டினாள். "ஆமா."

"பயப்படாதீங்க. சாப்பாடு பரவாயில்ல, எழுத்துத்தான் மோசம். ஏதாவது குறை இருந்தா என்கிட்ட சொல்லுங்க. எனக்கு ஒரு அண்ணி இருக்காங்க. ராட்சசி. அவங்க வாய்க்கு முன்னால ஒருத்தரும் நிக்க முடியாது."

"அவங்களுக்கும் உங்களுக்கும் ஆகாதோ?"

"சுத்தமா ஆகாது" என்றாள் நாத்தனார். குரலைத் தாழ்த்தி, "ஆனா கூப்பிட்டா வந்துருவாங்க" என்றாள்.

சமையல்காரம்மா இரண்டு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. அண்ணி தன் கிண்ணத்தை எடுத்து, ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பு கூடிப்போச்சு என்றாள். இல்லவே இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று நாத்தனார் சண்டைக்கு வந்தாள்.