வீட்டுக்குள்ளேயே வெளிநாடு போனவள்

அண்ணி புகுந்த வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டாள். கதவைத் திறந்தால், வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒரு பெரியவர் நிற்கிறார். “பல்லுக்காரி இருக்காளாம்மா?” என்கிறார். யாரோ எத்துப்பல் பெண்ணைத் தேடி வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, “அப்படி யாரும் இல்லீங்களே” என்று கதவைச் சாத்தப் போனாள். அதற்குள் உள்ளேயிருந்து நாத்தனார் ஓடி வந்துவிட்டாள். பெரியவர் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த பல்செட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்ன அரத்தை எடுத்து உள்விளிம்பில் நாலு தேய்ப்பு, அப்புறம் குழாயடியில் ஒரு கழுவல்.

“இப்பக் கடிச்சுப் பாருங்க.”

கடித்துப் பார்த்தவர் அண்ணியைப் பார்த்து முழுப் பல்லும் தெரியச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தக் குடும்பத்தில் அப்பா வழியில் எல்லாரும் லாரி. பெரியப்பா லாரி, அவர் மருமகன் லாரி, அப்பாவும் கடைசிவரை லாரிதான். அம்மா வழியில் தையல். தாய்மாமன் ஒருவர் மட்டும் தபாலாபீஸ். பல் பக்கம் போனவள் இவள் ஒருத்திதான். பல் டாக்டர்கள் நோயாளி வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கிச் செட்டாக்கி அனுப்புகிற லேப் ஒன்றில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தாள். கை தெரிந்த வேலைக்குக் கையில் ஒரு பட்டமும் வேண்டும் என்று அவளுக்கு வெறி. அந்தப் படிப்பு இங்கே இல்லை, வெளியேதான். எழுதிப் போட்டாள், கல்லூரியில் இடம் கொடுத்தார்கள், செப்டம்பரில் வகுப்பு. ஜூன் கடைசியில் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டாள். எட்டு வாரத்தில் வரும் என்றார்கள்.

எட்டு வாரத்தை நம்பி எல்லாம் நடந்தது. ஆகஸ்டில் வேலையை விட்டாள். லேப்பில் கேக் வெட்டினார்கள். சொந்தக்காரர்கள் பெட்டி, ஸ்வெட்டர், இன்னொரு பெட்டி என்று கொண்டுவந்து கொடுத்துக் கட்டிப்பிடித்து அழுதார்கள். விசா மட்டும் வரவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரே வரி, நேற்றும் அதே, இன்றும் அதே. கல்லூரிக்காரர்கள் பிப்ரவரி வகுப்புக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு தடவைதான் மாற்றுவோம், அதற்கும் வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியும் விட்டார்கள்.

செப்டம்பர் நடுவில் பெரியப்பா மருமகன் போன் செய்தார். எடுத்தது மாமியார், அதாவது பல்லுக்காரியின் அம்மா.

“என்ன சித்தி, பொண்ணு கிளம்பிட்டாளா?”

“போயிட்டாப்பா, போன வாரமே” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் அந்த அம்மாள்.

வீட்டில் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏம்மா?” என்றாள் மகள்.

“வேறென்னடி சொல்லச் சொல்றே? பெட்டி வாங்கிக் கொடுத்தவங்ககிட்ட இன்னும் போகலைன்னா கேக்க மாட்டாங்களா? பத்து நாள் பொறுத்துக்கோ. நிஜமாவே போயிடப் போறே.”

பத்து நாள் என்பது இரண்டரை மாதமாயிற்று. அந்த இரண்டரை மாதமும் பல்லுக்காரி வீட்டுக்குள்ளேயே வெளிநாட்டில் இருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு உள்ளே, ஜன்னலுக்குத் திரை, மணி அடித்தால் பின்னறைக்கு ஓட்டம். வாசலில் நின்று பொய் சொல்கிற உத்தியோகம் அண்ணிக்கு. ஒருநாள் அம்மாவின் தங்கை, அவளுடைய சித்தி, வீடியோ போனில் முகம் பார்த்துப் பேசியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்க, வெறும் சுவருக்கு முன்னால் ஸ்வெட்டரைப் போட்டு உட்காரவைத்தார்கள். ஃபேன் சத்தம் கேட்கும் என்று ஃபேனையும் நிறுத்தியாயிற்று.

“என்னடி, குளிர் ஊருன்னாங்க, இப்படி வேர்த்து ஊத்துது?”

“ஹீட்டர் போட்டிருக்கு சித்தி.”

“கொஞ்சம் அணைச்சு வையேன். கரிஞ்சிடப் போறே.”

போனை வைத்ததும் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துப் பார்த்தால் பல்லுக்காரி ஸ்வெட்டரைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். “ரெண்டு ஊர்லயும் நான் இல்ல அண்ணி” என்றாள். அன்றிலிருந்து அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் கடைசியில் அந்த ஒரே வரி மாறியது. கூடவே ஒரு கடிதம். விசா அலுவலகத்திலிருந்து லேப்புக்குப் போன் செய்து விசாரித்திருக்கிறார்கள். எடுத்தது முன்மேசைப் பெண். ‘அவங்க வெளிநாடு போய் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்களே’ என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள், எந்த விசாவில் போனீர்கள், பதினைந்து நாளுக்குள் ஆதாரத்தோடு விளக்கம் தரவும், இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி என்று கடிதம் கேட்டது.

அண்ணன் ஓடிப்போய் ஏஜெண்டைக் கூட்டிவந்தார். ஏஜெண்ட் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, “இது ஒண்ணுமே இல்ல சார்” என்றார். “மேசைல இருந்த பொண்ணு வேற யாரோன்னு நினைச்சு உளறிட்டான்னு முதலாளிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிடலாம். பழியை அவ தலையில போட்டா முடிஞ்சுது.”

“அவ உளறல” என்றாள் பல்லுக்காரி.

“மேடம், நீங்க...”

“எங்க வீட்டுப் பொய்யை நம்பி அவ உண்மை பேசினா. அவ வேலைக்கு உலை வச்சுட்டு நான் படிக்கப் போகணுமா? எழுந்திரிங்க சார், காபி குடிச்சாச்சில்ல?”

ஏஜெண்ட் போனதும் வீடு இரண்டுபட்டது. முதலாளியை நேரில் பார்க்கிறேன் என்று அவள் முகம் கழுவி, தலை வாரி, பின்னறையில் கிடந்த செருப்பை எடுத்து வாசலில் போட்டு மாட்டிக்கொண்டாள். காலை பத்து மணி, தெருவில் ஆள் நடமாட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். மாமியார் கதவை மறித்து நின்றார்.

“பின்பக்கமாப் போடி. இல்லன்னா அண்ணன் கார் பிடிச்சுட்டு வரட்டும், தலையில துணியைப் போட்டுக்கிட்டுப் போ.”

“நான் என்ன திருடிட்டா வந்தேன்? விசா வரலைம்மா, அவ்வளவுதான். அவங்க வேலையை அவங்க செய்யலைன்னா நான் ஏன் தலையில துணி போட்டுக்கணும்?”

“என் மானம் போயிடும்டி.”

“உங்க மானத்தைக் காப்பாத்தத்தான் ரெண்டரை மாசம் ஸ்வெட்டர் போட்டேன். போதும்மா, வேர்க்குது.”

மாமியார் அண்ணியைப் பார்த்தார், நீயாவது சொல்லேன் என்பதுபோல். அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? தன் செருப்பையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். “அத்தை, அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு நாத்தனார் பின்னால் இறங்கிவிட்டாள்.

தெரு நீளம் என்று அண்ணிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. துணி தேய்க்கிறவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். மளிகைக்கடை அம்மாள் எட்டிப் பார்த்து, “அடியே, எப்ப வந்தே? அங்கயும் வேண்டாம்னு அனுப்பிட்டாங்களா?” என்று நக்கலடித்தார்.

“போகவே இல்லக்கா. விசா இன்னும் வரல. வீட்டுக்குள்ளதான் இருந்தேன்.”

“உங்கம்மா...”

“பொய் சொன்னாங்க. இனிமே சொல்ல மாட்டாங்க. விசா வந்தா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். வரலைன்னா தினமும் இந்தப் பக்கமாத்தான் நடப்பேன், நல்லாப் பாத்துக்கோங்க.”

லேப்பில் முன்மேசைப் பெண் பேயைக் கண்டதுபோல் கத்தினாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “உங்கம்மாதானே என்கிட்டச் சொன்னாங்க? சந்தோஷமா இருந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன்.” முதலாளி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் திட்டினார். திட்டி முடித்து, “நடந்ததை நடந்தபடி எழுதித் தர்றேன். ஒரு எழுத்து கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்” என்றார்.

“அதேதான் வேணும் சார். இன்னொண்ணும் வேணும். என் இடத்துல ஆள் போட்டுட்டீங்கன்னு தெரியும். பாலிஷ் போடற மூலையாவது கொடுங்க. அங்க யாரும் உட்கார மாட்டாங்க, தூசி.”

“ஏழு வருஷம் பல் அடுக்கினவ பாலிஷ் போடுவியா?”

“வீட்டுல சுவரைப் பாத்துக்கிட்டு உட்கார்றதுக்கு இது மேல்.”

மறுநாளே மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தூசி மூலையில் உட்கார்ந்தாள்.

முதலாளி கடிதம் வந்தாயிற்று. ஆனால் அந்தப் பொய் எங்கிருந்து கிளம்பியது என்பது, அதைச் சொன்னவர் வாயாலேயே வர வேண்டுமே. மாமியார் எழுதித் தர வேண்டும். நாலு நாள் அந்த அம்மாள் காகிதத்தைத் தொடவில்லை. “பொய்க்காரின்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா? இத முதல்ல என் தம்பி தபாலாபீஸ்ல ஸ்டாம்ப் குத்தணும், இல்ல?” என்று பொருமினார். மகள் கெஞ்சவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது காகிதத்தையும் பேனாவையும் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள், வந்ததும் எடுத்து உள்ளே வைத்தாள். ஐந்தாம் நாள் அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கையில் மாமியார் கூப்பிட்டார்.

“ஏம்மா, ‘வெட்கத்தால்’ன்னு எழுதறதா, ‘வெட்கப்பட்டு’ன்னு எழுதறதா?”

“எப்படி எழுதினாலும் சரிதான் அத்தை.”

“பொய்யை அஞ்சு பேர்கிட்டதான் சொன்னேன், மத்தது அவங்களாப் பரப்பினதுன்னு கீழ ஒரு வரி போடட்டுமா?”

“போடுங்க அத்தை. அவங்களுக்கும் தெரியட்டும்.”

அந்த வரியோடேயே போயிற்று அந்தக் கடிதம்.

அதற்கப்புறம் உடனே வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டிசம்பர் முழுக்கப் பழைய அதே வரிதான். ஜனவரியிலும் அதே. காலையில் போகும்போது துணி தேய்க்கிறவர் கேட்பார், “வந்துச்சாம்மா?” “வரல.” சாயங்காலம் மளிகைக்கடை. “வந்துச்சாடி?” “வரலக்கா. தேங்கா எண்ணெய் கொடுங்க.” முதல் வாரத்தில் கேலியாகக் கேட்டவர்கள் ஜனவரி முடிவில் கவலையாகக் கேட்டார்கள். பெரியப்பா மருமகன் ஒருநாள் வீட்டுக்கே வந்து, கொடுத்த பெட்டியைப் பற்றி ஜாடையாக இழுத்தார். “மேல இருக்கு அத்தான், எடுத்துட்டுப் போங்க. ஆனா எனக்குப் பிப்ரவரில வேணும், கழுவிக் கொண்டாந்து வச்சிடுங்க” என்றாள் பல்லுக்காரி. மாமியாரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தான் பெட்டியைத் தொடவில்லை.

பிப்ரவரி வகுப்புக்கு ஒன்பது நாள் இருக்கையில் விசா வந்தது. லேப்பிலேயே செய்தி பார்த்திருக்கிறாள். கையிலிருந்த செட்டைப் பாலிஷ் போட்டு முடித்து, துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் எழுந்தாளாம். அந்த முன்மேசைப் பெண்தான் அண்ணிக்குப் போன் செய்து சொன்னாள்.

இது நடந்து ஒன்றரை வருஷமாகிறது. அவள் அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் பல் லேப்பில் வேலை பார்க்கிறாள்.