ஆம்ப்ரோஸ் அத்தானின் காது

என் அக்கா கணவர் ஆம்ப்ரோஸ் ஓரிடத்தில் அடங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலில் சக்கரம் கட்டிய மனிதர். சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடப்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா இருக்கும் பக்கம் தலையைச் சாய்ப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் கழுத்துச் சுளுக்கு என்று நினைப்பார்கள். சுளுக்காவது ஒன்றாவது! அவர் என் அக்கா உர்சுலாவின் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அக்காவின் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. 1976இல் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். சின்னக் கூண்டு, அதற்குள் ஒரு பந்து. ரத்தம் போகும்போது பந்து விலகும், வந்து அடைக்கும்போது 'டொக்' என்று இடிக்கும். அக்கா ஆளே ஒரு பிடிதான். வளையம் வளையமாக வைத்து அளந்து பார்த்த டாக்டர், இருப்பதிலேயே சின்னதுதான் பொருந்தியது என்றார். பெரியதை வைத்தால் கூண்டு இதயச் சுவரில் இடிக்குமாம். சின்ன வால்வு என்பதால் படி ஏறினால் மூச்சு வாங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். பூன் லேயில் அவர்கள் வீடு ஏழாவது மாடி. லிப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்கி வருவாள். அப்படியும் வாசலில் நின்று மூச்சு விட்டுக்கொண்டுதான் சாவியை எடுப்பாள்.

அந்த 'டொக்' சத்தம் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் ஊருக்கே கேட்கும். குருவானவர் அப்பத்தை உயர்த்த, மணி அடிக்க, கோயில் முழுக்க அமைதியாகும் அந்த நேரத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஞானோபதேசப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கும். அக்கா முறைப்பாள். பிள்ளைகள் டக்கென்று முன்னால் திரும்பிக்கொள்ளும். அவளுக்கு அது அவமானம். அத்தானுக்கு அதுதான் நிம்மதி.

அத்தானுக்கு ஜூரோங்கில் கப்பல் பட்டறை வேலை. கப்பலின் அடிவயிற்றில் புகுந்து நாள் முழுக்கத் துரு தட்டுவார். அந்த இரைச்சலில் கூட வேலை செய்த இரண்டு பேருக்குக் காது போய், அவர்களை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து தன் காதைப் பற்றியும் அவருக்குப் பயம். காது போனால் வேலை மாறும், அது கிடக்கட்டும். உர்சுலாவை யார் கேட்பது?

1985 தவக்காலத்தில் அக்காவுக்கு ஒரு பிடிவாதம் வந்தது. நோயாளி என்று ஒன்பது வருடமாகக் குருவானவர் அவளுக்கு ஒருசந்தி நோன்பிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார்.

"நான் என்ன சாகக் கெடக்குறேனா? இந்த வருஷம் நாப்பது நாளும் கவுச்சி தொட மாட்டேன்," என்றாள்.

அவளிடம் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு. மீனும் கறியும் நின்றன. தினமும் கீரை வந்தது. தேக்கா சந்தையிலிருந்து கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை, அது தீர்ந்தால் பாயம் கீரை, அதுவும் இல்லையென்றால் கங்கோங் கீரை. கீரை உடம்புக்கு நல்லதுதானே என்று நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் அவள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

மூன்றாவது வாரத்தில் அத்தானுக்குச் சத்தம் மங்கியது. பிறகு கேட்கவே இல்லை. தன் காதுதான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்கு வந்து, உட்காராமல், கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"ஜோதி, எனக்குப் பின்னால நின்னு மெதுவா ஏதாச்சும் சொல்லு."

ஏன் என்று சொல்லவில்லை. நான் சமையலறையில் நின்று, "அத்தான், காப்பி வேணுமா?" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். அதற்கும் திரும்பவில்லை. கத்தியபோதுதான் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"போச்சு லா. அக்காகிட்டச் சொல்லிடாத."

பாவம், எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவின் சத்தம் நின்ற கதையை அவர் வாய் திறந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன். வாராவாரம் பார்க்கும் எனக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. வீட்டுக் கடிகாரம் நிற்பதை யார் உடனே கவனிக்கிறார்கள்? அக்காவும் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கேட்டால், "ஒருசந்தில மூச்சு வாங்கத்தான் செய்யும்," என்பாள்.

மறுநாள் பூசை. குருவானவர் அப்பத்தை உயர்த்தினார். மணி அடித்தது. எல்லாரும் தலை குனிந்தார்கள். அத்தான் மட்டும் நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. இரசக் கிண்ணம் உயர்ந்தது. மறுபடி மணி. அப்போதும் எந்தத் தலையும் அசையவில்லை. பிள்ளைகளின் காதுக்கு என்ன கேடு?

அத்தான் எழுந்தார்.

"உர்சுலா, எந்திரி."

"பூச நடக்குதுங்க. உக்காருங்க!"

"கோளாறு என் காதில இல்ல! உன் நெஞ்சுதான் சத்தம் போடல!" மந்தக் காதுக்காரர் பேச்சு, கோயில் முழுக்கக் கேட்டது. குருவானவரின் கை கிண்ணத்தோடு அப்படியே நின்றது. அக்கா வெட்கத்தில் அழ, அவளை அணைத்துத் தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்து டாக்சியில் ஏற்றினார். நானும் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. கூண்டைச் சுற்றி ரத்தம் உறைந்து பந்து சரியாக நகர முடியாமல் கிடக்கிறது என்றார். என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்.

"கீரைதான் டாக்டர். தவக்காலம் லா," என்றேன்.

திடீரென்று அவ்வளவு கீரை சாப்பிட்டால் மாத்திரையின் வேலையை அது முறித்துவிடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாத்திரைக்காக எடுக்கும் அடுத்த ரத்தப் பரிசோதனை வரை விட்டிருந்தால் அவள் இருந்திருக்க மாட்டாளாம். அன்று சாயங்காலமே மறுபடி நெஞ்சைத் திறந்தார்கள். அத்தான் அந்தத் தாழ்வாரத்தை நடந்தே தேய்த்தார்.

அக்கா பிழைத்தாள். இந்த முறை வைத்தது கூண்டும் பந்தும் இல்லை. சாய்ந்து திறக்கும் மெல்லிய தட்டு. அதே சின்ன இதயத்தில் வழி இன்னும் அகலமாம். இப்போது ஐந்தாவது மாடியில் இறங்கி இரண்டு மாடி ஏறிப் போகிறாள், வாயாடிக்கொண்டே.

ஆனால் புது வால்வின் சத்தம் கீச்சென்ற மெல்லிய 'கிளிக்'. துரு தட்டித் தட்டிப் போன காதுக்கு அந்த மாதிரிச் சத்தம் எட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் அவள் முதுகில் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"நான் நல்லாத்தான் இருக்கேங்க," என்கிறாள் அக்கா.

"அந்தத் தவக்காலத்துலயும் இதத்தான் சொன்ன."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதல் ஆளாகக் கோயிலுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பின்னால் இடம் பிடிக்கிறார். மணி அடிக்கும்போது எல்லாரும் பீடத்தைப் பார்க்க, அவர் அந்தச் சின்னத் தலைகளையே பார்க்கிறார். ஏதாவது ஒரு பிள்ளை திரும்புகிறது. அக்கா முறைக்கிறாள். அதற்குப் பிறகுதான் அத்தான் தலை குனிந்து ஜெபம் சொல்லத் தொடங்குகிறார்.