சைக்கிளை எடுத்துப் போக விடவில்லை என் மாரியம்மன்

அம்மனை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, இதைப் பொறுமையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. இன்றும் நினைத்தால் கொதிக்கிறது.

என் பெயர் கமலா. சுங்கை லாலாங்கில் குடியிருக்கிறேன். கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை. வீட்டிலிருந்து பெரிய ரோடு வரை சைக்கிள். அங்கிருந்து கம்பெனி பஸ். பஸ் நிற்கும் இடத்தில் காக் யா என்கிற மலாய் அம்மா நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பார். அவர் கடை ஓரமாகத்தான் சைக்கிளைப் பூட்டிவைப்பேன்.

போன வருடம், தைப்பூசம் முடிந்த மறு வாரம், திங்கட்கிழமை காலை. நன்றாக விடிந்துவிட்டது. இடது ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். காக் யாவின் கடை கண்ணுக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து ஏதோ இடித்தது. அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தபோது புல்லில் கிடந்தேன். வலது கால் என் கால் மாதிரியே இல்லை.

இடித்தது ஒரு வெள்ளை நான்கு சக்கர வண்டி. ஓட்டியவர் குணா. எங்கள் பக்கத்தில் குத்தகை வேலை எடுப்பவர், நம் ஆள், கையில் நாலு காசு உள்ளவர். எங்கள் கோயில் நன்கொடைப் பலகையில் மூன்றாவது பெயர் அவருடையது.

மறுநாள் காலில் கம்பி வைத்தார்கள். அதற்கடுத்த நாள் மாலை குணா வார்டுக்கு வந்தார். ஒரு கையில் ஆப்பிள் பை, இன்னொரு கையில் ஒரு தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கிறேன். கேஸ் கீஸ்னு அலையாதீங்க. இதுல ஒரு சைன் மட்டும் வச்சிடுங்க, முடிஞ்சது லா."

என் கணவர் கணேசன் சாதுவான மனுஷன். பெரிய ஆள் நேரில் வந்துவிட்டார் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். பேனாவைக்கூட வாங்கிவிட்டார். எனக்கு மருந்து மயக்கம். ஆனாலும் கேட்டேன், "என்ன எழுதியிருக்கு, படிங்க."

என் கணவர் படித்தார். சைக்கிள் ஓட்டியவர் மேல்தான் தவறு, இனிமேல் எதையும் கோர மாட்டேன் என்று இருந்தது.

"ஏங்க, அந்தப் பேனாவத் திருப்பிக் குடுங்க" என்றேன். எப்படி வந்ததோ அந்தக் குரல். அம்மன்தான் கொடுத்தாள்.

குணாவின் முகம் மாறியது. "அப்ப உங்க இஷ்டம்கா. நான் அன்னிக்கே ரிப்போர்ட் பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆப்பிளைக்கூட எடுத்துக்கொண்டு போய்விட்டார்!

மறுநாள் காலை என் கணவர் போலீஸ் நிலையத்துக்கு ஓடினார். முதல் நாளே போயிருக்க வேண்டும். ஒருநாளுக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் தாமதத்துக்குக் காரணம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அங்கேதான் குணா சொன்னது என்னவென்று தெரிந்தது. நான் பார்க்காமல் திடீரென்று வலது பக்கம் வெட்டித் திரும்பினேனாம். அவர் மெதுவாகத்தான் வந்தாராம். சைக்கிளை நான் ஓட்டியவிதமே சரியில்லையாம்.

பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாதாம்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வழக்கமாகக் கோயிலில் விளக்கேற்றும் நேரம். நான் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். கும்பிடவில்லை; அம்மனோடு சண்டை போட்டேன். "உன் பலகையில் அவர் பேர் இருக்கு. என் பேர் இல்ல. அதனால நீ அவர் பக்கமா? காசு தர வேண்டாம்மா, எனக்கு. பொய்ய மட்டும் நிக்க விடாதே. பார்த்தவங்க ஒருத்தரக் கொண்டுவந்து நிறுத்து." தலையணை நனைகிற மட்டும் அழுதேன். அப்படியே தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம். வாசலில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். பார்த்தால் காக் யா! கம்பெனி பஸ் டிரைவரிடம் விசாரித்துத் தேடி வந்திருக்கிறார்.

"சாயா நம்பாக், கமலா" என்றார். நான் பார்த்தேன் என்றார். மடமடவென்று மலாயில் சொன்னார். நான் ஓரமாகத்தான் வந்தேனாம். வண்டிக்காரர் காதில் கைப்பேசி இருந்ததாம். விழுந்து கிடந்த சைக்கிளை அவர்தான் கடையில் எடுத்து வைத்திருந்தாராம். விபத்துக்கு மறுநாளே லோரியில் இரண்டு பேர் வந்து, சைக்கிளை ரிப்பேர் செய்து தருகிறோம், முதலாளி அனுப்பினார் என்றார்களாம். சைக்கிளுக்கு உரியவள் வராமல் தர மாட்டேன் என்று காக் யா சங்கிலி போட்டுக் கடைக்குப் பின்னால் பூட்டிவிட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கேட்டது வெள்ளிக்கிழமை. அம்மன் செவ்வாய்க்கிழமையே அந்தச் சைக்கிளைக் காவலில் வைத்துவிட்டாள்.

சைக்கிளின் பின் மட்கார்டு நடுவில் நசுங்கியிருந்தது. அதில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. நான் குறுக்கே வெட்டியிருந்தால் பக்கவாட்டில் அல்லவா அடிபட்டிருக்கும்? என் கணவர் எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். விசாரணை அதிகாரி வந்து பார்த்தார். காக் யா கடையைப் பூட்டிவிட்டுப் போய் வாக்குமூலம் கொடுத்தார். ஒரு நாள் வியாபாரம் போனது அவருக்கு. நஷ்டத்துக்கு ஏதாவது கொடுக்கிறேன் என்றேன்; திட்டினார்.

குணா மேல்தான் தவறு என்று முடிவானது. ஒரு வழக்கறிஞர் மூலம் அவர் வண்டியின் இன்சூரன்ஸில் கோரினோம். உடனே கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தார்கள். கடைசியில் காலுக்கும், போன சம்பளத்துக்கும், இனி வரும் சிகிச்சைக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் நொண்டித்தான் நடக்கிறேன். ஆனால் நடக்கிறேன்.

கோயிலில் ஒருநாள் குணா கேட்டார், "என்னக்கா, நம்ம ஆளு மேலயே கேஸ் போட்டீங்களே?"

"நம்ம ஆளுன்னா அன்னிக்கு ரிப்போர்ட்ல உண்மையச் சொல்லியிருக்கணும் தம்பி" என்றேன். சுற்றி ஆட்கள் நின்றார்கள். முன்பெல்லாம் அவரைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறவள் நான்.

இப்போது எங்கள் பக்கம் யார் சைக்கிளில் அடிபட்டாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் போகிறேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கே ரிப்போர்ட் செய்யுங்கள். உங்களால் முடியாவிட்டால் வீட்டு ஆள் போகட்டும். வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பார்த்தவர்களின் பேரையும் போன் நம்பரையும் வாங்குங்கள். சைக்கிளை ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள், துடைக்கக்கூடச் செய்யாதீர்கள். டாக்டர் சீட்டு, மருந்து ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டால் கம்பெனிக்கும் உடனே சொல்லுங்கள். தொழிலாளர் காப்புறுதிக்கு என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அதிலும் நமக்கு உரிமை இருக்கிறது. படுக்கையில் கிடக்கும்போது யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏழைக்கு யார் இருக்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அம்மனிடம் போங்கள். அழ வேண்டுமா, அழுங்கள். கோபமா, என்னை மாதிரிச் சண்டையே போடுங்கள், அவள் தாங்கிக்கொள்வாள். எந்த வீட்டிலிருந்து, எந்த மொழி பேசுகிற ஆளை உங்களுக்காக எழுப்பி அனுப்புவாள் என்று யாருக்குத் தெரியும்?